மூன்றாவது தவணையைத் தேடிப் பந்தலூர் வரை

போன ஜூன் மழையில் பந்தலூர் போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. கைக்குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ரோட்டா சொட்டு மருந்தை மூன்று தவணையாகத் தருகிறார்கள். அது நடைமுறையில் எவ்வளவு காக்கிறது என்று கண்டறியும் ஆய்வில் எனக்கு வேலை. நோய் வந்த குழந்தைக்கும் வராத குழந்தைக்கும் எத்தனை தவணை கிடைத்தது என்று வீடுவீடாகப் போய் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும்.

ஊட்டியில் காலை ஆறரைக்குப் பேருந்து. பைக்காரா தாண்டும்வரை ஜன்னலில் பனிமூட்டம்தான். கூடலூர் 50 கி.மீ., அங்கிருந்து பந்தலூர் இன்னும் 25. பத்தரைக்கு இறங்கி ஜீப் பிடித்தேன். நான் போகவேண்டிய தேயிலை எஸ்டேட் வரை ஆறு கி.மீ., முந்நூறு ரூபாய்.

"அங்க பாக்க ஒண்ணுமில்லையே மேடம்" என்றார் ஓட்டுநர்.

"ஒரு வீட்டுக்குப் போறேங்க."

தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அங்கே இருந்தவர் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், ஒன்பது மாத மகனை வயிற்றுப்போக்கில் இழந்தவர். இதை எழுதச் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கணவரும் மாமியாரும் கூடவே இருந்தார்கள். அட்டையைக் கேட்டேன்.

"மழையில நனைஞ்சு போயிருச்சுக்கா. மூணு தவணையும் குடுத்தாச்சு."

"எல்லாம் குடுத்தும் புள்ள போயிட்டான். பொறகு எதுக்கும்மா அந்த மருந்து?" என்றார் மாமியார். 'தாய் சொன்னது: மூன்று' என்று எழுதிக்கொண்டு எழுந்தேன்.

வழியனுப்பக் குழந்தையின் தாய் மட்டும் வந்தார். வீடு மறைந்ததும் சேலை மடிப்பிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு கட்டங்களில் தேதி இருந்தது. மூன்றாவது காலி.

"நான் டெம்பரரிக்கா. அன்னைக்கு லீவு போட்டா பேர வெட்டிருவாங்கன்னு பயந்து போகல. வீட்டுல போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்." "அதையும் குடுத்திருந்தா இருந்திருப்பானா?"

"ஒரு குழந்தையை வச்சு அதைச் சொல்ல முடியாதும்மா. முழுசாக் குடுத்தும் சில குழந்தைங்க போயிடுது. அதான் இத்தனை வீடு ஏறி இறங்கறோம்."

"அப்ப சரியா எழுதிக்கங்க. வீட்டுல மட்டும் சொல்லாதீங்க."

மூன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். பேனா நகர்வதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் வேலையாக வருபவர்களுக்கு: எஸ்டேட் அலுவலகத்தில் முதலிலேயே அனுமதி வாங்குங்கள். காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் உண்டு, நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள். முக்கியமாக, தடுப்பூசி அட்டையைத் தாயிடம் தனியாகக் கேளுங்கள். நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.