மலையில் தண்ணீர் குடிப்பதில்லை

என் உடம்பில் கல் வளர்த்தது எங்கள் தோட்டத்தை நடத்தும் துரைதான். மலையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டவில்லை.

இலங்கையில் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலை மலையில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். காலையில் மலை ஏறினால் சாயந்திரம் லயத்து வீட்டுக்கு இறங்கும்வரை பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது? மேலே கங்காணி நிற்கிறார். கீழே ரோட்டில் வான் வண்டியை நிறுத்தி வெள்ளைக்காரர்கள் எங்களைப் போட்டோ எடுக்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் இடது விலாவுக்குக் கீழே வலி பிடித்து அடிவயிறு வரை இறங்கியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். சிறுநீரகக் குழாயில் அரிசி அளவில் ஒரு கல். தமிழ் பேசும் நர்ஸ் விளக்கினாள்.

"சின்னக் கல்லுதான் அக்கா, பெரும்பாலும் தானா வெளிய வந்துரும். நாள் முழுக்கத் தண்ணி குடிங்க. ஆனா காய்ச்சலும் நடுக்கமும் வந்தா, மூத்திரம் அடைச்சா, வாந்தி நிக்காட்டி, மாத்திர போட்டும் வலி கொறையாட்டி, வீட்டுல இருக்காதீங்க. ஒடனே வாங்க."

தலையாட்டினேன். பகலில் ஒரு மிடறு குடிக்கவில்லை. சாயந்திரம் லயத்துக்கு வந்து ஒரு பெரிய போத்தலை ஒரே மூச்சில் குடித்தேன். அது போதும் என்று நினைத்தது என் தப்பு.

மூன்றாம் வாரம் மலையில் நிற்கும்போதே நடுக்கம் வந்தது. பல் அடித்துக்கொண்டது. கங்காணியிடம் சொன்னேன்.

"மழைக் குளிருதான். கொழுந்து எடை போட்டு நெறுவ முடிஞ்சதும் போ."

பக்கத்து நிரையில் நின்றவள் கூடையை இறக்கி வைத்தாள். "ஒங்க வீட்டம்மா நடுங்குனாலும் கொழுந்த எடை போட்டுட்டுப் போன்னுதான் சொல்லுவீங்களா மாமா? நீ வாடி."

அவள்தான் ஆட்டோ பிடித்து பதுளைக்குக் கொண்டுபோனாள். கல் வழியை அடைத்து, பின்னால் தேங்கிய மூத்திரத்தில் சீழ் பிடித்திருந்தது. குழாய் வைத்து வடித்தார்கள். தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர்.

"பகல்ல ஏங்க்கா குடிக்கல?" என்று அந்த நர்ஸ் கேட்டாள். காரணத்தைச் சொன்னேன்.

திங்கட்கிழமை மறுபடி அதே மலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கல் வராது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துரை என்னைத் தனியாக ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், எல்லோரும் வேலைக்கு நிற்கும்போது, வாயைத் திறந்து சொல்லட்டும்: கக்கூஸை என்றைக்குக் கட்டுவார்? அதுவரை நாங்கள் தண்ணீர் குடிப்பதா, வேண்டாமா?