யாரென்று கேட்காத சாட்பாட்

அவர் என்னை எச்சரித்தாரா, மிரட்டினாரா? இன்னும் தெரியவில்லை.

மகளின் பள்ளி வாசலில் என்னருகே நின்ற நரைமீசைக்காரர் அவர். போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வீட்டு எண்தான் எல்லோருக்கும் அடையாளம். பெற்றோரின் கேள்விகளுக்கு போனில் தானே பதில் சொல்லும் பள்ளியின் சாட்பாட்டும் அதைத்தான் கேட்கும். அவர் தன் போனில் எங்கள் வீட்டு எண்ணைத் தட்டினார். மகளின் பெயர், வகுப்பு, வேன் நேரம் எல்லாம் வந்தன. அவரிடம் கேட்டேன்.

"யார் கேட்டாலும் சொல்லிடுமாங்க?"

"சொல்லிடும்மா. கேக்குறது அம்மாவா, கண்டவனான்னு அது பாக்குறதில்ல. நம்பருதான் உங்க வூட்டு கேட்லயே எழுதியிருக்கே! பள்ளியில நீங்க பதிஞ்ச போன்லேர்ந்து கேட்டா மட்டும் பதில் வர்ற மாதிரி மாத்தச் சொல்லுங்க."

சொன்னேன். திருத்தும்வரை சாட்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் எங்கள் வீடு அவருக்கு எப்படித் தெரியும்? எந்தக் குழந்தைக்காக நின்றார்? நான் கேட்கவில்லை, பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை. அவரைப் பற்றியும் பள்ளியில் சொல்லட்டுமா? உதவியவர்மேல் பழி போடுவதாகிவிடுமோ? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.