பேசுவதற்கு முன்பே எழுதிய தீர்மானம்

தாலுகா ஆபீசில் தாசில்தாராக நான் நடத்தும் சமாதானக் கூட்டம் என்றால், அது தொடங்கும் முன்பே தீர்மானத்தை டைப் அடித்து வைத்துவிடுவேன். அதை என் திறமை என்றே நினைத்திருந்தேன்.

அன்று கல்வராயன் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கூலி வேலை செய்யும் மேரி, ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன ஸ்பீக்கர் வைத்து, நாலு பெண்களோடு தன் வீட்டில் ஜெபம் நடத்துபவர். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டு விவசாயி முருகேசன்.

"இரு தரப்பினரும் மனம்விட்டுப் பேசியதில், இனி வீட்டில் ஜெபம் நடத்துவதில்லை என முடிவானது" என்ற தாளை மேரியிடம் நீட்டினேன்.

"நாங்க இன்னும் பேசவே இல்லீங்களே சார்?" என்றார்.

"போடும்மா கையெழுத்த. ஊர்ல பிரச்சின வேணாம்."

போட்டார். முருகேசன் ஏதோ சொல்ல வந்தார். அவரிடமும் பேனாவைத்தான் நீட்டினேன்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது மேரியின் வீடு பூட்டிக் கிடந்தது. ஜெபம் நின்றபின் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர் திரும்பவே இல்லையாம்.

முருகேசன்தான் சொன்னார். "சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லத்தான் சார் வந்தேன். நான் நேரா சொன்னா சண்டையாப் பூடும், ஆபீசர் சொன்னா கேப்பாங்கன்னு பார்த்தேன். ஜெபமே பண்ணக் கூடாதுன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

மேரியின் உரிமையைக் காக்க அரசாங்கம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைப் பறித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் வெற்றுத் தாளோடுதான் கூட்டத்துக்குப் போகிறேன். யார் யாரோ வந்து பேசுகிறார்கள். மேரி மட்டும் வரவில்லை.