வத்தல் வெளுத்த நாள்

மிளகாய் வத்தல் மண்டிக்காரனுக்குக் கண் எரிவதும் நீர் வடிவதும் தொழிலோடு வந்த சொத்து. அதனால் சங்கரன்கோவிலில் மண்டி வைத்திருக்கும் நான், வலக்கண்ணை அசைத்தால் உள்ளே வலித்ததை ஒரு வாரமாகப் பொருட்படுத்தவில்லை. கல்லாவில் உட்கார்ந்தே புத்தகம் புத்தகமாகப் படிப்பவன் என்று பேர், அந்தப் புத்திகூட இல்லை.

அன்று திருவேங்கடம் ஊர்ச் சம்சாரி ஒருவர் தன் காட்டில் விளைந்த வத்தல் மூட்டையை அவிழ்த்தார். தூசி இடக்கண்ணில் விழ, அதைத் துண்டால் பொத்திக்கொண்டு வத்தலைப் பார்த்தேன்.

"என்ன வே, போன வருசத்துச் சரக்கா? நிறமே செத்துக் கிடக்கு."

"முந்தாநாள் களத்துல அள்ளுனது அண்ணாச்சி. வத்தல் வெளுக்கல, உங்க கண்ணுதான் வெளுத்திருக்கு!"

மண்டியே சிரித்தது. துண்டை எடுத்தேன், வத்தல் ரத்தச் சிவப்பு. இடக்கண்ணை மறுபடி மூடினேன். பழைய செங்கல் நிறம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாஸஞ்சர் ஏறி மதுரைக்குப் போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணில் குறையில்லை. மூளைக்குப் போகும் பார்வை நரம்பு வீங்கியிருக்கு. அபூர்வமான வியாதி. பெரும்பாலும் தேறிவிடும். சிலருக்கு அடுத்த கண்ணுக்கும் வரும்" என்றார்.

வலக்கண் முக்கால்வாசி தேறிவிட்டது. இப்போது தினமும் காலையில் கோயில் மதிலின் காவிப் பட்டை முன் நின்று, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன். இந்த வயதில் யாருக்குக் கண்ணடிக்கிறேன் என்று கடைவீதியில் விசாரணை நடக்கிறது. நடக்கட்டும். நீங்களும் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டால் மற்றது மறைத்துவிடுகிறது.

கெட்ட கண்ணைச் சோதிக்க எனக்குப் பயமில்லை. அதை மூடிக்கொண்டு நல்ல கண்ணைத் திறக்கத்தான் தினமும் கொஞ்சம் நேரம் ஆகிறது.