அவளுடைய இரண்டாம் அத்தியாயம்

மெய்யியலில் ஆய்வேடு எழுத எங்களைத் தயார்ப்படுத்த, நாங்கள் 'சேர்' என்று அழைக்கும் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் இரத்தினபுரிக்கு வருவார். நாங்கள் எல்லோரும் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். கடைசியில் ஒருவரை மட்டும்தான் தன் மேற்பார்வையில் எடுப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒருவர் நான்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

என் தலைப்பு 'மனித இருப்பும் விழுமியங்களும்'. சேர் தலையாட்டினார், அவ்வளவுதான். அடுத்து றக்வானையிலிருந்து வந்தவள் எழுந்தாள், என்னைவிட இளையவள். "நான் பொறக்க முந்தி எங்கப்பா குடுத்த வாக்கு என்னைக் கட்டுமா சேர்?" என்றாள். பிள்ளைகளில் ஒருவர் எப்போதும் வேலைக்கு வருவார் என்று அப்பா தோட்டத்துக்கு வாக்குக் கொடுத்தாராம். அதற்குப் பதிலாக, தொழிலாளர் வரிசையான லயத்தில் அவர்கள் இருக்கும் வீடு குடும்பத்துக்கே என்று தோட்டத்தை அப்போது நடத்திய கம்பனியும் சொன்னதாம். இப்போது தோட்டம் வேறொரு கம்பனியின் கையில். சேர் பேனையை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. நானும் லயத்தில் பிறந்தவள்தானே, இந்தக் கேள்வி என் கண்ணில் ஏன் படவில்லை?

ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து, அதற்கு மிகப் பலமான மறுப்பை எழுதச் சொல்வது சேருடைய வழக்கம். அவளுடையது என்னிடம் வந்தது, என்னுடையது அவளிடம் போனது. அந்த வாரம் எங்கள் வீட்டில் சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது. வரிவரியாக ஓட்டை தேடினேன், கிடைத்தது. 'அப்பாவின் வாக்கு மகளைக் கட்டாதென்றால், பழைய கம்பனியின் வாக்கும் புதிய கம்பனியைக் கட்டாது. வீட்டை விட்டுவிடச் சம்மதமா?' இதோடு அவள் கதை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வகுப்பில் அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கம்பனிக்குப் பேருதான் மாறுதுங்க அக்கா. எங்கப்பா செத்துட்டாரு. கம்பனி இன்னும் சாகல."

"இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தனான்," என்றார் சேர். அவளையே எடுத்தார்.

என் தாளுக்கு அவள் எழுதியிருந்த மறுப்பு ஒரே வரி: 'மிக நன்று அக்கா.'

பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எழுதுனத வச்சுத்தான் ரெண்டாவது அத்தியாயமே எழுதப்போறேங்க அக்கா. என்னை யாருமே இவ்வளவு கவனமா வாசிச்சதில்ல."

உண்மைதான். வயிறு எரிகிறவள்தான் ஒரு வரி விடாமல் வாசிப்பாள். என்னைப் பார்த்து வயிறெரிய அந்த வகுப்பில் ஒருவரும் இருக்கவில்லை.