கொக்கா அனுப்பினது

கனடாவில் இருக்கும் என் அக்கா (அம்மா என்னிடம் பேசும்போது 'கொக்கா', உன் அக்கா) அனுப்பிய சீனக் குளிசைப் போத்தல் எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாமித்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் மாதாமாதம் கிளினிக் வரிசையில் நின்று எடுத்துவரும் மருந்துக் குளிசைகள் பழைய பிஸ்கட் டின்னுக்குள். அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க தினமும் வாஃபரின். அதைக் கொடுப்பது நான். வீட்டுக்கு வருபவர்களிடம் அம்மா சொல்வதோ, "மூத்தவள் அனுப்பின சீனச் சாமானுக்குப் பிறகுதான் இளைக்காமல் படி ஏறுறன்." எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் அதைப் பற்றித் தேடினேன், அக்கறையில் அல்ல. டான்ஷென் என்ற சிவப்பு வேர். இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய. ஆனால் பலவும் சிறியவை, அவற்றை நம்பி எதையும் அடித்துச் சொல்ல முடியாதாம். வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கீழே, வாஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம் என்றிருந்தது. அம்மாவின் முழங்கை இரண்டு கிழமையாக நீலம் பாரித்திருந்தது. பார்த்தும் கேட்காமல் இருந்தவள் நான். கேட்டால் அக்கா புராணம் தொடங்கிவிடும்.

மறுநாளே அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனையில் இரத்தம் அளவுக்கு மீறி இளகியிருந்தது.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை டொக்டர்."

நான் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அம்மா என்னை முறைத்தார். "அது மருந்தில்லை. கொக்கா அனுப்பினது."

டொக்டர் சீனக் குளிசையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நான் கேஸில் வென்றவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டோவில் வரும்போது அம்மா சொன்னார்: "அவளிட்டைச் சொல்லிப்போடாதை. தூரத்திலை இருக்கிற பிள்ளை, மனம் நொந்துபோவாள்."

"என்ரை மனம்?"

"நீ பக்கத்திலைதானே இருக்கிறாய்" என்றார், அதுவே பதில் என்பதுபோல.

பின்னேரம் அக்கா வீடியோவில் வந்து, தான் அனுப்பின குளிசை வேலை செய்யுதோ என்று கேட்டாள். அம்மா முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்படிக் கெஞ்சி அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"ஓம் அக்கா, நல்லா வேலை செய்யுது" என்றேன். "இனி அனுப்பாதேங்கோ. இஞ்சையே வாங்கிக் குடுக்கிறன்."

"நீ வாங்கிக் குடுத்தால் அம்மாவுக்குப் பிடிக்காதடி" என்று அக்கா சிரித்தாள்.

அம்மாவும் அவளோடு சேர்ந்து சிரித்தார்.