கௌதமி வீட்டுக்கு ஒரு களப்பயணம்

இந்த வாரம் யாராவது என்னிடம் வந்து ‘சிலபஸ்’ என்று வாயைத் திறந்தால் கடித்துவிடுவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தங்கவயலில் நான் கெஸ்ட் லெக்சரராகப் போகும் காலேஜில் சமூகவியலுக்குப் புது சிலபஸ் வந்திருக்கிறது. மாணவர்களை ஈர்க்கும்படி வடிவமைத்தார்களாம். அதில் ஒரு களப்பயணம் — ‘சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குச் சென்று மக்களின் வாழ்க்கையைக் கவனித்து வருக.’

நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? இருங்கள்...

எங்கள் வகுப்பில் சிலர் பூதிகோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள், சிலர் பஜார் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் அந்தக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தங்கச் சுரங்கத்தை மூடினாலும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் பேரன் பேத்திகள் இருக்கத்தானே செய்வார்கள்? பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து சிலபஸ் எழுதிய புண்ணியவான்களுக்கு இது தெரியாது. யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் இல்லையா?

பஸ் ஊரிகம் குடியிருப்புக்குப் போனது. நின்றது என் மாணவி கௌதமியின் வீட்டு வாசலில்! எப்படியும் நம்ம லைனுக்குத்தானே வரப்போகிறார்கள், எதற்குக் காலேஜ் வரை போய்த் திரும்புவது என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். வந்த அத்தனை பேருக்கும் அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். டம்ளர் போதாமல் கௌதமி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். எல்லோரும் சுவரையும் கூரையையும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் பார்த்தால் கௌதமிக்கு ஆப்சென்ட்.

பஸ்ஸில் ஏறும்போது கையெழுத்துப் போடவில்லையாம்! களப்பயணம் வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சையே எழுத முடியாது.

எனக்கு வந்ததே கோபம்... நேராகத் துறைத் தலைவரிடம் போய்க் கத்தினேன். களமே அவள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறது, இன்னும் அவள் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். மனுஷர் அசரவில்லை. “சிலபஸ்ல அப்படித்தான் இருக்குது மேடம். நான் இன்னா பண்றது?” என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். கௌதமி மட்டும் தனியாகக் களப்பயணம் போய்வந்து வைவாவில் பதில் சொல்ல வேண்டும்.

போனாள். காலையில் காலேஜுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்துத் தன் வீட்டுக்கே போய் இறங்கினாள். அம்மா கதவைத் திறந்து, “இன்னாடி, எதுனா மறந்துட்டுப் போயிட்டியா?” என்று கேட்டாராம்.

சிரிக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

சிலபஸ் போடுவது என்ன கம்பசூத்திரமா? பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் — அதைப் பார்த்துவிட்டு யூனிட் பிரியுங்கள். கௌதமியே முன்னால் நடந்து மற்றவர்களுக்குத் தன் லைனைச் சுற்றிக் காட்டியிருந்தால் அதைவிட நல்ல வகுப்பு உண்டா? எந்த ஊருக்கோ எழுதியதை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் இப்படித்தான் நாறும்.

வைவாவில் நானும் உட்கார்ந்திருந்தேன். களத்தில் என்ன கவனித்தாய் என்று கேட்டார் துறைத் தலைவர். கௌதமி மெதுவாகச் சொன்னாள்.

“எங்கம்மா பேரு அம்சா, சார். அன்னிக்கு டீ குடிச்சவங்க ஒருத்தரும் கேக்கல.”

ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது. மார்க்? பத்துக்கு நாலு. காரணமும் போட்டிருந்தார்கள் — ‘களத்தில் ஈடுபாடு போதாது.’